ஆளுக்கு ஆயிரம் வேண்டாம்

ஜகாத் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பொதுநிதியான பைத்துல்மாலின் கமிட்டியில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ரமலான் இரவின் தராவீஹ் தொழுகைக்கு நேரமாகியிருக்கும். பட்டியல் என்பது போன வருடத்துப் பட்டியல்தான். மவுத்தானவர்களின், அதாவது இறந்தவர்களின், பெயரை அடித்துவிட்டு, புதிதாகக் கணவனை இழந்தவர்களைச் சேர்த்து, வசூலான தொகையைத் தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுத்தால் வேலை முடிந்தது. ஆளுக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ வரும்.

எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னைக் கமிட்டியில் சேர்த்தபோது, வட்டிக் கணக்கு எழுதிய கை ஜகாத் கணக்கு எழுதலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கடன்பட்டவன் முகத்தைத் தினமும் பார்த்தவர் ஒருவராவது உள்ளே இருக்கட்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பதில் சொன்னார். அந்தத் தகுதியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 85 கிராம் தங்கத்தின் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையாத சேமிப்பு ஒருவரிடம் ஓராண்டு நின்றிருந்தால், அதில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத். மானாவாரி வெள்ளாமையில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சிய வயலில் இருபதில் ஒன்று. இது விருப்பப்பட்டால் போடும் தர்மம் இல்லை. தொழுகை போல, நோன்பு போல, கடமை. அந்த இரண்டரை பங்கு கொடுப்பவருடைய பணமே அல்ல, வாங்குபவரின் உரிமை என்பது மார்க்கத்தின் நிலை. யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் குர்ஆன் எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏழைகள், வறியவர்கள், ஜகாத்தை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்கள், உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர்கள், அடிமைத்தளையிலிருந்து மீள வேண்டியவர்கள், கடன்பட்டவர்கள், இறைவழியில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள். எட்டு வகை என்று இருக்கிறதே தவிர, ஆளுக்கு ஒரே தொகை என்று அதில் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு வந்த ஒரு மனு. ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் எழுதியது. வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. எஃப்.சி. காட்ட டிங்கர் வேலை, பெயின்ட், இரண்டு டயர். எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஆகும். மனைவியின் செயின் ஏற்கெனவே அடகில். வண்டி வீட்டோரம் நிற்கிறது, எடுத்தால் போலீஸ் பிடிக்கிறது. தேவை என்ன, ஏன், எவ்வளவு என்று இத்தனை தெளிவாக எழுதிய மனுவை நான் வங்கியிலேயே அதிகம் பார்த்ததில்லை. கமிட்டி அவருக்கு 1,500 ரூபாய் ஒதுக்கியது. அவர் ஒருவருக்கே 25,000 கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்கள். அந்த 1,500 ரமலான் மாதத்து அரிசி பருப்புக்குப் போனது. ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அவர் ஆட்டோவைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, இன்னொருவர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தார். அடுத்த ரமலானில் அவர் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது.

ஐந்து நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஐந்து பேருக்கு ஆளுக்கொரு நாள் வீதம் பிரித்துக் கொடுத்தால் ஐவருக்குமே காய்ச்சல் தீராது. ஆனால் கொடுத்தவருக்கு ஐந்து பேரைப் பார்த்த திருப்தி இருக்கும். நாங்கள் செய்துவருவது இதுதான்.

சிறு தொகையை ஒரே நாளில் நிறையப் பேருக்குக் கொடுப்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அது வரிசையை உண்டாக்குகிறது. 2008 ரமலானில் இந்தோனேசியாவின் பசுருவான் நகரில் ஒரு செல்வந்தர் வீட்டு வாசலில் ஜகாத் வாங்கக் கூடிய நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். ஆளுக்குக் கிடைக்கவிருந்தது 30,000 ரூபியா, அதாவது ஏறக்குறைய மூன்று டாலர். 2023 ரமலான் கடைசியில் ஏமன் தலைநகர் சனாவில் வியாபாரிகள் பணம் கொடுத்த இடத்தில் 70-க்கும் மேற்பட்டோர் மிதிபட்டுச் செத்தார்கள். அதே வருடம் பிப்ரவரியில் நம் வாணியம்பாடியில், தைப்பூசத்துக்காகத் தனியார் ஒருவர் கொடுக்கவிருந்த இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வாங்கப் போன வயதான பெண்கள் நான்கு பேர் நெரிசலில் இறந்தார்கள். மதம் வேறு, ஊர் வேறு. கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. ஆனால் ஒரு சேலைக்காகவும் சில நூறு ரூபாய்க்காகவும் வரிசையில் நிற்கவைக்கும் முறையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தேவை அறிந்து வீட்டுக்குப் போய்க் கொடுத்தால் வாசலில் கூட்டம் சேர வழியில்லை.

‘எல்லோருக்கும் கொஞ்சம்’ என்பதுதான் மார்க்கம் காட்டிய வழி என்று சிலர் நினைக்கிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்களான நாங்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபின் பெரிய அறிஞர்களில் ஒருவர் 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி. ஏழைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு அவருடைய ‘அல் மஜ்மூஃ’ நூலில் விடை இருக்கிறது. அவன் வறுமையை விட்டு வெளியே வரும் அளவுக்கு. தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழிலின் கருவிகளை வாங்கும் அளவு. வியாபாரிக்கு அந்த வியாபாரத்துக்குத் தேவையான முதல். காய்கறி விற்பவனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும், ரத்தின வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹம்கூட ஆகலாம் என்று உதாரணமே சொல்லியிருக்கிறார். எழுநூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டதைப் புதுமை என்று எங்கள் கமிட்டி என்னிடம் சொல்கிறது.

உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி மத்ஹப். அங்கே ஒருவருக்கு நிஸாப் அளவுக்கு, அதாவது ஜகாத் கடமையாகும் வரம்பான 200 வெள்ளி திர்ஹமோ அதற்கு மேலோ கொடுப்பது விரும்பத்தக்கதல்ல என்ற கருத்து உண்டு. ஆனால் அதற்கும் விலக்கு இருக்கிறது. அவர் கடன்பட்டவராகவோ பெரிய குடும்பத்தைத் தாங்குபவராகவோ இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. இன்றைக்கு மனு எழுதுபவர்களில் கடன் இல்லாதவர் யார்?

எட்டு வகையில் கடன்பட்டவர்கள் என்று தனியாக ஒரு வகை இருப்பதை நாங்கள் படிப்போம், கடந்துபோவோம். நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். அடகு வைக்க வரும் பெண் முதலில் வங்கிக்கு வருவாள். நகை தீர்ந்ததும் வாராவாரம் கட்டும் குழுக்கடனுக்குப் போவாள். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் சேருவாள். அதுவும் முடியாமல் போகும்போது தண்டல்காரர் வாசலுக்கு வருவார். வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமைதோறும் பயான் கேட்கும் தெருக்களில்தான் இது நடக்கிறது. வட்டி கொடுப்பவளைக் கண்டிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது. அவள் அசலை அடைத்துவிட எங்களிடம் பணமும் இருக்கிறது. அதை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துவிட்டுக் கையை விரிக்கிறோம்.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் வெந்தார். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்த பிறகுதான் அது நடந்தது. சட்டம் தண்டல்காரரைத் தண்டிக்கலாம். அன்றைக்குக் கட்ட வேண்டிய தவணையைச் சட்டம் கட்டாது. கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ நடத்தும் அறநிதிதான் அந்த இடத்தில் உருப்படியாக எதையாவது செய்ய முடியும். அதற்கு ஒரே நிபந்தனை, கொடுக்கும் தொகை கடனை முடிப்பதாக இருக்க வேண்டும். 40,000 கடன் உள்ளவரிடம் 1,500 கொடுத்தால் அது ஏழைக்குப் போவதில்லை. அடுத்த வாரம் தண்டல்காரர் கைக்குப் போய்விடுகிறது.

யாருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் மனுப் படிவத்தில் மாத வருமானம், சொந்த வீடா வாடகையா, வீட்டில் கல்யாணமாகாத குமர் எத்தனை என்று கட்டங்கள் இருக்கின்றன. என்ன செய்தால் அடுத்த வருடம் நீங்கள் வர வேண்டியிருக்காது என்ற கேள்விக்குக் கட்டம் இல்லை. மனு கொண்டுவருவது பெரும்பாலும் பெண்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பது முழுக்க ஆண்கள். கணவன் குடிக்கிறான், கொடுக்கும் பணம் அவன் கைக்குப் போகக் கூடாது என்பதை ஒரு பெண் இத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வாள்? “சொல்லும்மா” என்று தலைவர் கேட்பார். “ஒண்ணுமில்ல காக்கா” என்று படிவத்தை வைத்துவிட்டுப் போவாள்.

இதற்கும் அந்த எட்டு வகைக்குள்ளேயே வழி இருக்கிறது. வசூலித்துப் பங்கிடும் ஊழியருக்கு ஜகாத்திலிருந்தே சம்பளம் கொடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரிலோ, ஒரு பைசாகூட நிர்வாகச் செலவு இல்லை என்று நோட்டீஸ் அடித்துப் பெருமைப்படுகிறோம். நிர்வாகச் செலவு இல்லை என்றால் யாரும் விசாரிக்கவில்லை, யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்றுதான் பொருள். பி.ஏ., பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இருவரை நியாயமான சம்பளத்துக்கு வைத்து, வீடு வீடாகப் போய்ப் பேசி எழுதிக்கொண்டு வரச் சொன்னால் கமிட்டிக்கு இதுவரை தெரியாத ஊர் தெரியவரும்.

என்னோடு வங்கியில் வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறார். 1833-இல் பாரிஸில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை அது. ஏழையை அவன் வீட்டில் போய்ச் சந்திப்பதுதான் அதன் அடிப்படை வழக்கம். ஒருவராகப் போகாமல் இருவராகப் போவார்கள். நண்பர் சனிக்கிழமை மாலைகளில் இன்னொருவரோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். என்ன கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று வெளியே மூச்சுவிட மாட்டார். எங்கள் பள்ளிவாசல் நோட்டீஸ் போர்டில் உதவி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் தொங்குவதை ஒருமுறை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் சண்டை போட்டு அந்தப் பட்டியலை எடுக்க வைத்தேன். வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதுதான், மறைத்துக் கொடுப்பது அதைவிட மேல் என்பது நமக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் எந்த வகைக்கு எவ்வளவு ஜகாத் போனது என்று ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. யார் வாங்கினார் என்பது அதில் இருக்காது.

வீடு பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தையல் மெஷின் ஒன்றே சாட்சி. நன்கொடையாளர்களுக்குத் தையல் மெஷின் மேல் தீராத காதல். மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வாகாக இருக்கும். எங்கள் ஊரில் தைக்கத் துணி இருக்கிறதோ இல்லையோ, மெஷின் இல்லாத தெரு இல்லை. ரெடிமேடு கடைகள் வந்த பிறகு அதில் பிழைப்பு எங்கே இருக்கிறது? ஒரு லாத்தா தனக்கு மெஷின் வேண்டாம், மாவு அரைக்கப் பெரிய கிரைண்டரும் ஒரு ஃபிரிட்ஜும் வேண்டும் என்று கேட்டார். இட்லி மாவு விற்றுப் பிழைத்துக்கொள்வேன் என்றார். அப்படி ஒரு திட்டம் எங்களிடம் இல்லை என்று சொல்லி மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். அது இப்போது அவர் வீட்டில் துணி மடித்துவைக்கும் மேசையாக இருக்கிறது.

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் நியாயமானவை இரண்டு. முதலாவது, ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்தால் பெருநாள் அன்று மற்றவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா? வேண்டாம். அதற்காகத்தான் ஃபித்ரா என்று தனிக் கடமை இருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே தானியமாகக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ஊரில் யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதை எல்லா ஏழை வீட்டுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், சரி. நோன்புக் கஞ்சியில் பணக்காரன் ஏழை பார்ப்பதில்லை, அதுவும் சரி. ஜகாத்தின் வேலை வேறு. அது ஒரு நாள் பசிக்கானதல்ல, வருடக்கணக்கான வறுமைக்கானது.

ஒரு கணக்குக்காக, ஊரில் ஆறு லட்சம் ரூபாய் வசூலாகிறது, 400 குடும்பங்கள் பட்டியலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,500. ரமலான் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதையே இரண்டாகப் பிரித்து, மூன்று லட்சத்தை உழைக்க முடியாதவர்களுக்கு ஒதுக்கினால், 50 பேருக்கு மாதம் 500 ரூபாய் வீதம் வருடம் முழுவதும் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். துணையில்லாத மூதாட்டிகள், படுத்த படுக்கையானவர்கள், ஊனமுற்றவர்கள் அதில் வருவார்கள். மீதி மூன்று லட்சத்தில் குடும்பத்துக்கு 25,000 வீதம் 12 குடும்பங்களின் கடனையோ தொழில் தேவையையோ முழுசாக முடிக்கலாம். மற்ற 338 குடும்பங்களிடம் இந்த வருடம் இல்லை என்று சொல்ல வேண்டும். கசப்பான வேலை, மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு முதலில் என்பதற்கு எழுத்தில் விதி இருந்தால், கமிட்டிக்காரரின் சொந்தக்காரருக்கு முதலில் என்ற சந்தேகம் வராது. இன்றைக்கு 400 பேரிடமும் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது, யாரிடமும் இல்லை என்று சொல்லும் தைரியம் இல்லாததால்தான்.

இரண்டாவது கேள்வி வெளியிலிருந்து வருவது. உங்கள் பணம் உங்கள் ஆட்களுக்கு மட்டும்தானா? பெரும்பாலான இமாம்களின் கருத்தில் ஏழை என்ற வகையில் வரும் ஜகாத் முஸ்லிம் ஏழைக்கு உரியது. அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் ஸதகா என்ற பொதுவான தர்மத்துக்கு அந்த எல்லை கிடையாது. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவக் குப்பங்களின் மக்களுக்குச் சோறாக்கிப் போட்டு இடம் கொடுத்தது. பேரிடர் வந்தால் நாங்கள் யாரும் பெயர் கேட்பதில்லை. பேரிடர் இல்லாத நாட்களிலும் அந்த வழக்கம் தொடர வேண்டும். ஒவ்வொரு பைத்துல்மாலும் ஸதகாவுக்குத் தனிக் கணக்கு வைத்து, பக்கத்துத் தெருவின் வலைக்காரருக்கும் பனையேறிக்கும் அதிலிருந்து கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவில் மூழ்கும் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தாலும் மூழ்குவது ஒரே மாதிரிதான்.

அரசே வசூலித்துப் பங்கிட்டால் ஒழுங்கு வரும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பாகிஸ்தானில் 1980-இல் அவசரச் சட்டம் போட்டு, ரமலான் முதல் நாளில் வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்தே இரண்டரை சதவீதத்தைப் பிடித்தார்கள். ரமலான் பிறப்பதற்கு முன்பே ஜனங்கள் பணத்தை எடுத்துவிடப் பழகிக்கொண்டார்கள். நம்பிக்கையால் வரும் பணத்தை அதிகாரத்தால் வாங்க முடியாது. ஊர்ப் பணத்தை ஊர்தான் பங்கிட வேண்டும். அதனாலேயே ஊர் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இறந்த பிறகும் கொடுத்தவர் என்று சீதக்காதி வள்ளலை எங்கள் பகுதி இன்றும் கொண்டாடுகிறது. அவரை நினைத்துத்தான் இந்த மாவட்டத்தில் பலரும் கைநிறையக் கொடுக்கிறார்கள். வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சென்னை மண்ணடியிலிருந்தும் வருடம் தவறாமல் பணம் வருகிறது. கொடுப்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து அனுப்ப வேண்டும்: எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்காமல், எத்தனை கடன் அடைந்தது, எத்தனை தொழில் நின்றுபோகாமல் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். கேள்வி வந்தால் கமிட்டிகள் பதில் தேடும்.

எங்கள் கமிட்டி ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில் கூடும்போது மூன்று தீர்மானங்களை முன்வைக்கப் போகிறேன். வசூலில் பாதி, முழுத் தேவையை முடிக்கும் உதவிக்கு. வீடு பார்க்கச் சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். பெயர் இல்லாத, வகைவாரியான கணக்கு நோட்டீஸ் போர்டில். வழக்கம்போலச் சிலர் எதிர்ப்பார்கள். அவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பத்து வருடத்துப் பட்டியல்களை மேசைமேல் வையுங்கள். மவுத்தானவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் தவிர, நாம் கொடுத்த பணத்தால் பட்டியலை விட்டு வெளியே போன ஒரு பெயரைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் என் தீர்மானத்தை நானே கிழித்துப் போடுகிறேன்.